செண்டுமல்லிக்குப் பாத்தியைக் கொடு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தக்காளி உச்சி வெயிலில் துவண்டு, சாயங்காலம் தேறி, மறுநாள் மறுபடி துவள்கிறதே, அதற்குத் தண்ணீர் குறைவு காரணமில்லை. நீ பிடுங்கிக் காட்டிய வேரைப் பார், முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கிறது. நூற்புழு. கண்ணுக்கே தெரியாது, வேருக்குள் புகுந்து தங்கிவிட்டால் செடிக்கு நீரும் சத்தும் ஏறாது. ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். (அவரை, பீன்ஸ் வேரில் உருண்டைகளைக் கண்டால் பயப்படாதே. அவை தழைச்சத்து சேர்ப்பவை, விரலால் தேய்த்தாலே உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சு வேரோடு வேராக இருக்கும், உதிராது.)

தக்காளிக்கு நடுவே நாலு செண்டுமல்லி வைக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வை, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் புழு போகாது. செண்டுமல்லி வேரில் ஆல்பா டெர்தைனைல் என்றொரு பொருள் இருக்கிறது. அந்த வேருக்குள் நுழைகிற புழு வளர்ந்து முட்டையிட முடியாமல் அங்கேயே முடிந்துபோகும். வேர் உயிரோடு ஓடுகிற மண்ணில்தான் இந்த வேலை நடக்கும். இரண்டடி தள்ளி இருக்கிற புழுவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அதற்குத்தான் பக்கத்திலேயே தக்காளி வேர் இருக்கிறதே.

அதனால் மனதைத் தேற்றிக்கொண்டு அந்தப் பாத்தியை ஒரு போகம் முழுக்கச் செண்டுமல்லிக்கே விட்டுவிடு. குட்டையாக வளரும் ரகம் நல்லது, பலவகை நூற்புழுக்களுக்கு எதிராக வேலை செய்யும். ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில் நெருக்கி நடு. 2 மாதமாவது நிற்கட்டும். களையை மட்டும் விட்டுவைக்காதே. பல களைகளின் வேரில் புழு சுகமாகப் பெருகும், நீ பட்ட பாடெல்லாம் வீண். பிறகு செடிகளை வெட்டி மண்ணிலேயே மடக்கி உழுதுவிட்டு, மக்கியதும் தக்காளி நடு.

ஒரு தடவையோடு தீராது, கண்ணு. காய்கறி வேர் கிடைத்ததும் மிச்சப் புழுக்கள் பெருகும். இரண்டு மூன்று பாத்திகள் இருப்பதால், ஒவ்வொரு போகத்துக்கும் ஒன்றைப் பூவுக்கு என்று சுற்றி மாற்றிக்கொண்டே வா. இத்தனை ஆசையாகப் போட்ட தோட்டத்தை இதற்காக நீ கைவிடுவதை என்னால் தாங்க முடியாது.

பிடுங்கிய தக்காளி வேர்களை எருக்குழியில் போட்டுவிடாதே. மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைக் கழுவிவிட்டுத்தான் அடுத்த பாத்தியில் இறங்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா