இரண்டாவது செல்லோ

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் லேசானது. கொஞ்ச நாளைக்குக் கண்ணுக்கு வேலை கொடுக்காதே. இதைக்கூட யாரையாவது படித்துக் காட்டச் சொல்.

என் பக்கம் ஒரே ஒரு செய்தி. வயலினை விட்டு, அதைவிடக் கொஞ்சம் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட வயோலாவுக்கு மாறிவிட்டேன். எங்கள் குவார்டெட்டில், அதாவது இரண்டு வயலின், ஒரு வயோலா, இவற்றைவிடப் பெரிய செல்லோ ஒன்று என்ற எங்கள் நால்வர் குழுவில், வயோலா வாசித்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். வயலினுக்கு ஆள் கிடைத்துவிடும், வயோலாவுக்குக் கிடைப்பதில்லை. சரி, நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். முதல் இரண்டு மாதம் பெரும் திண்டாட்டம். தந்திகள் தடிமன், வில்லை இன்னும் அழுத்தினால்தான் ஒலி எழும்புகிறது. நோட்டுகளை எழுதும் முறையும் வேறு என்பதால் விரல் பழைய இடத்துக்கே ஓடியது.

இப்போது திரும்பிப் போக மனமில்லை. இத்தனை வருடம் முதல் வயலின் வாசித்தும் கேட்காததெல்லாம் இப்போது கேட்கிறது. ஹைடன் நால்வருக்காக எழுதிய 'எம்பரர்' குவார்டெட்டை நாம் சேர்ந்து கேட்டோமே, அதன் இரண்டாம் பகுதியை எடுத்துக்கொள். முதல் வயலின் ஒரு மெட்டைச் சொல்கிறது. பிறகு அதே மெட்டு இரண்டாம் வயலினுக்குப் போகிறது, அப்புறம் செல்லோவுக்கு, அப்புறம் வயோலாவுக்கு, கடைசியில் மறுபடி முதல் வயலினுக்கு. மெட்டில் ஹைடன் கை வைப்பதே இல்லை. சுற்றியிருப்பவர்கள் வாசிப்பதுதான் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. மெட்டு என்னிடம் வரும் இடம்தான் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். அதைவிடக் கடைசி முறைதான் உருக்குகிறது. மேலே அதே மெட்டு போய்க்கொண்டிருக்க, கீழே நாங்கள் மூவரும் ஒரு சுரத்தை நகர்த்தினால் போதும், அது துக்கமாகிவிடுகிறது.

சுருதி சேர்ப்பதும் இப்போதுதான் புரிகிறது. ச, க, ப மூன்றும் சேர்ந்து ஒலிக்கும் ஒரு மேஜர் கார்டில் காந்தாரம் எனக்கு வந்தால், பியானோவில் இருப்பதைவிட அதை இம்மி இறக்கிப் பிடிக்க வேண்டும். சரியாக அமைந்துவிட்டால் நான்கு வாத்தியமும் ஒன்றாகி, மரப்பலகை அதிர்வது தாடையில் தெரிகிறது. எதிரே நின்று கோலை அசைத்துக் காட்ட ஆளில்லாத சங்கீதம் இது. ஒருவர் மூச்சை இழுப்பதைப் பார்த்து மற்ற மூவரும் தொடங்க வேண்டும். மோட்சார்ட்டும் நண்பர்களோடு உட்கார்ந்தால் வயோலாவைத்தான் எடுப்பாராம். அதன் காரணம் இப்போது எனக்குத் தெரியும்.

ஷூபர்ட்டும் அப்படித்தான். வீட்டில் அண்ணன்கள் இருவரும் வயலின், அப்பா செல்லோ, இவர் வயோலா. அவர் பெயரை எடுத்ததற்குக் காரணம் உண்டு. தனியாகச் செல்லோ வாசித்து என்ன ஆகப்போகிறது, பெட்டியை மூடிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1828இல், சாவதற்கு இரண்டு மாதம் முன்பு, ஷூபர்ட் சி மேஜரில் ஐந்து பேர் வாசிக்கும் ஒரு குவின்டெட் எழுதினார். அப்போது அவருக்கு வயது 31. பதிப்பாளர் அதில் ஆர்வம் காட்டவில்லை. மேடையில் முதன்முதலில் வாசிக்கப்பட்டது 1850இல்தான். மோட்சார்ட் தன் குவின்டெட்டுகளில் வயோலாவை இரண்டாக்கினார், ஷூபர்ட் செல்லோவை இரண்டாக்கினார். மெதுவான பகுதியில் நடுவில் மூவர் நீண்ட கார்டுகளைத் தாங்கி நிற்க, இரண்டாவது செல்லோ வில்லை விட்டுவிட்டு விரலால் மீட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பு இல்லாவிட்டால் மேலே இருக்கும் எங்களுக்குக் காலே ஊன்றாது.

எங்களிடம் ஒரு செல்லோதான் இருக்கிறது. இரண்டாவது நீதான், வேறு யாரையும் கேட்கப்போவதில்லை. உன் பகுதியைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு பிரித்துப் பார். தந்திகளை மட்டும் இப்போதே மாற்றிவிடு, இத்தனை நாளில் பழையவை செத்திருக்கும்.

அன்புடன்,
உன் நண்பன்