பாண் ஓட்டோ போகட்டும், அம்மா

ட்ரொம்சோ, நோர்வே
24.01.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் நல்ல சுகம் என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்கள். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை சூரியனைக் கண்டோம். நவம்பர் கடைசியில் போனது, மலைக்கு மேலால் எட்டிப் பார்க்க ஜனவரி 21 ஆகிவிட்டது. அன்றைக்கு ஊர் முழுக்க சூரியப் பணிஸ்தான். எண்ணெயில் பொரித்து, உள்ளே ஜாம் வைத்த உருண்டை. எங்கள் பொங்கல் அதற்கு ஒரு கிழமை முந்தி வந்துவிட்டதால் இல்லாத சூரியனுக்குத்தான் பொங்கினேன். எந்தப் பக்கம் பார்த்துப் படைப்பது என்றும் குழப்பம், இந்த மாதத்தில் இங்கே சூரியன் தலைகாட்டுவதே தெற்கில். கடைசியில் அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

"என்ன பிள்ளை சாப்பிட்டனி?" என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் "சோறு கறி" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், வந்த முதல் வருசம் நான் சமைக்கவே இல்லை. மூன்று நேரமும் பாண், மேலே ஒரு துண்டு பழுப்புச் சீஸ். பாலைத் திரைத்துச் சீஸ் எடுத்த பிறகு மிஞ்சும் தண்ணீரை வற்றக் காய்ச்சி அதைச் செய்கிறார்கள், கிட்டத்தட்டப் பனங்கட்டியின் தித்திப்பு. ருசிதான், பொய் சொல்ல மாட்டேன். ஒரு ஆளுக்கு என்ன சமையல், ஒரு சட்டியை யார் கழுவுவது என்ற அலுப்பு. வேலையால் வந்து, கோட்டையும் கழற்றாமல் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் படுத்த நாட்கள் இருக்கின்றன. மார்கழி இருட்டில் கட்டிலை விட்டு எழும்பவே ஏலாமல் இருந்தது.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக் குசினியில் பாண் பையைத் திருப்பிப் பார்க்காமல் எவரும் வாங்க மாட்டார்கள். பையில் நாலு கூறாகப் பிரித்த ஒரு சின்ன வட்டம் இருக்கும். தவிட்டோடு அரைத்த தானியம் மாவில் எத்தனை பங்கு என்பதற்கு ஏற்ப அந்தக் கூறுகளை நிரப்பியிருப்பார்கள். நாலும் நிறைந்திருந்தால் முக்கால் பங்குக்கு மேல் முழுத்தானியம். நான் ஒரு வருசமாகத் தின்ற வெள்ளைப் பாணில் ஒரு கூறுதான். எனக்கு உங்கள் மொட்டைக்கறுப்பன் சோறு நினைவுக்கு வந்தது. விருந்தினர் வந்தால் வெள்ளையரிசி, எங்களுக்குச் சிவப்பரிசி என்று நான் சின்னதில் எத்தனை தரம் முகம் சுளித்திருப்பேன்.

அன்றிலிருந்துதான் அடுப்பை மூட்டினேன். அடுப்பென்றால் கண்ணாடித் தட்டு, ஊத வேண்டியதில்லை.

முதலில் பிட்டு. இங்கே பார்லி மா மலிவு. எங்களுக்குப் பார்லி என்றால் சலக்கடுப்புக்குக் காய்ச்சிக் குடிக்கும் தண்ணீர் மட்டும்தானே? இவர்கள் அதில் ரொட்டி சுடுகிறார்கள். நான் தனிப் பார்லி மாவில் பிட்டு அவித்துப் பார்த்தேன், களியாகிவிட்டது. இரண்டாம் முறை மாவை வாசம் வரும்வரை வறுத்து, பாதிக்குப் பாதி வறுத்த அரிசிமா சேர்த்து, உப்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் குழைத்தேன். தண்ணீரைக் கையால்தான் தெளிக்க வேண்டும், ஊற்றினால் கதை முடிந்தது. இப்போது உதிரியாக வருகிறது. நிறம் கொஞ்சம் மங்கல், குரக்கன் பிட்டின் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முருங்கையிலை இங்கே கனவு. அதற்குப் பதில் கேல் என்று ஒரு சுருட்டைக் கீரை, குளிரிலும் நிற்கும். தண்டை உருவி எறிந்துவிட்டு, புகையிலை அரிந்தாற் போல மெல்லிசாக அரிந்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டு வறை வறுக்கிறேன். கோல்ரோட் என்று மஞ்சள் சதையோடு ஒரு கிழங்கு உண்டு. விற்றமின் சி நிறைய இருப்பதால் அதை 'வடக்கின் தோடம்பழம்' என்பார்கள். தோடம்பழத்துக்கும் அதற்கும் ருசியில் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் பால்கறிக்கு நல்லாய்த்தான் இருக்கிறது.

இனி மீன். இந்த நாட்களில் கொட் மீன் முட்டையிடுவதற்காக பாரென்ட்ஸ் கடலில் இருந்து கரைப்பக்கம் வரும். அதை ஸ்க்ரை என்பார்கள், ஏப்ரல் வரைக்கும் அதுதான் பேச்சு. இல்லத்தில் தண்ணீரில் உப்புப் போட்டு அவித்து, ஈரலும் முட்டையும் பக்கத்தில் வைத்து, உருளைக்கிழங்கோடு கொடுப்போம். வேறொன்றும் இல்லை, மிளகுகூட இல்லை. முதலில் எனக்குப் பாவமாக இருந்தது. பிறகு ஒரு நாள் பசியில் சாப்பிட்டேன், பாசையூரில் விடியப் போய் வாங்கிய மீன் மாதிரி இனிப்பு. இவ்வளவு நல்ல மீனுக்குத் தூள் போட எனக்கும் மனம் வரவில்லை, அதனால் சொதிதான் வைக்கிறேன். வெந்தயம் கொஞ்சம், பச்சை மிளகாய், வெங்காயம், மஞ்சள், இரண்டாம் பால். மீனைக் கடைசியில் போட்டு, முதற்பால் விட்டு ஒரு கொதி. இறக்கிய பிறகுதான் தேசிக்காய்ப் புளி, அது நீங்கள் சொன்னது. இந்த மீன் சீக்கிரம் உடைந்துவிடும், கரண்டியே போடக்கூடாது, சட்டியைச் சுழற்ற வேண்டும். மிஞ்சுகிற கொட் மீனை இவர்கள் வெளியே தடிகளில் தொங்கவிட்டுக் காற்றிலேயே காய வைக்கிறார்கள். உப்பே இல்லாத கருவாடு, நம்புங்கள்!

இல்லத்தில் ஒரு கிழவி எனக்கு மீன் எண்ணெய் குடிக்கப் பழக்கினார். மாதத்தின் பெயரில் 'ர' வந்தால் குடிக்க வேண்டுமாம், செப்டெம்பரில் இருந்து ஏப்ரல் வரை. வெயில் இல்லாத ஊரில் விற்றமின் டிக்கு அதுதான் வழி.

சரி, இப்போது உங்கள் கதை. பக்கத்து வீட்டு அக்கா எடுத்துக் கதைத்தார். பின்னேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ஓட்டோ வந்தால் படலையடியில் முதல் ஆளாக நிற்பது நீங்களாம். இரவுக்குப் பாணும் சீனி போட்ட தேத்தண்ணியும். கிளினிக்கில் சலரோகம் கூடியிருக்கிறது என்று சொன்னதையும் எனக்குச் சொல்லவில்லை. "அப்பாவும் இல்லை, ஒரு ஆளுக்கு என்னத்தைச் சமைக்கிறது" என்று சொன்னீர்களாம். நான் முதல் வருசம் சொன்ன அதே சொல்.

நான் ஒரு ஆளுக்குச் சமைப்பது எப்படி என்று சொல்கிறேன், நீங்கள் சிரிக்காமல் கேட்க வேண்டும். அரைச் சுண்டு பயறை இரவே ஊற வைத்துவிட்டால் காலையில் அவித்து, தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சம்பலும் போட்டுச் சாப்பிடலாம், ஒரு சட்டிதான் கழுவ வேண்டும். மத்தியானச் சோற்றில் ஒரு பிடி மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வையுங்கள், அடுத்த நாள் மோரும் சின்ன வெங்காயமும் போதும். வேலி முருங்கை சும்மாதானே நிற்கிறது. கிணற்றடி வல்லாரையை மாடு தின்கிறதா, நீங்கள் சாப்பிடுகிறீர்களா? குரக்கன் மாவை ஒரு நாள் வறுத்துப் போத்தலில் போட்டுவிட்டால் கிழமைக்கு இரண்டு தரம் பிட்டு.

எனக்கு மா, தூள் ஒன்றும் அனுப்ப வேண்டாம். பிட்டு அவிக்க ஒரு நீத்துப்பெட்டி மட்டும் அனுப்புங்கள், சின்னது, ஒரு ஆளுக்குப் போதுமானது. வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் எடுப்பேன், உங்களுக்குப் பின்னேரம் ஆறரை, எனக்கு மத்தியானம் இரண்டு மணி. விறாந்தையில் இருந்து கதைக்கக்கூடாது, போனைக் கொண்டுபோய் அடுப்படியில் வையுங்கள். நானும் அந்த நேரம்தான் பிட்டுக் குழைப்பேன்.

உங்கள் பிள்ளை

பி.கு: அக்காவோடு கோபிக்க வேண்டாம். நான்தான் துருவித் துருவிக் கேட்டேன்.