கட்டிங் டேபிளிலிருந்து அப்பா

அன்புள்ள அம்மிணிக்கு,

ஃபேஷன் டிசைன் படிப்பின் கடைசி வருட கலெக்‌ஷனுக்கு நொய்யல் ஆற்றை எடுத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னதும் மனசு நிறைந்துபோனது. நீ கேட்ட கட்டிங் வேஸ்ட்டைத் தரம் பிரித்து மூட்டை கட்டிவிட்டேன். வெள்ளை தனி, கலர் தனி, லைக்ரா என்கிற இழுவை நூல் கலந்தது தனி. லைக்ராவை மட்டும் மற்றதோடு சேர்க்காதே. சுத்தக் காட்டன் என்றால் உன் உடுப்பு பழசான பிறகும் மில்லில் கிழித்துத் திரும்ப நூலாக்கலாம். லைக்ரா கலந்தால் அது சிரமம்.

நீ அனுப்பிய ஃபேஷன் டிசைனர் ஹுசேன் ஷலாயன் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 2000இல் காட்டிய அந்த மர மேஜை! நடுவில் இருக்கும் வட்டத்தை எடுத்துவிட்டு அந்த மாடல் பெண் உள்ளே இறங்கி நின்று தூக்கியதும், ஒன்றுக்குள் ஒன்று அடங்கியிருந்த வளையங்கள் விரிந்து பாவாடையாகிவிட்டன. சைப்ரஸில் 1974இல் வீட்டை விட்டு ஓட வேண்டி வந்த ஜனங்களின் கதை அதில் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். வீட்டை விட்டு ஓடுகிறவர்கள் எதைத் தூக்கிக்கொண்டு போக முடியும் என்று யாரும் விளக்காமலே எனக்குப் புரிந்தது. 1993இல் காலேஜ் முடிக்கும்போது இரும்புத் தூளோடு துணியை மண்ணில் புதைத்து, துரு ஏறிய பிறகு எடுத்துக் காட்டினாராமே, அதுவும் இப்படித்தான். கதை துணிக்குள்ளேயே இருக்கிறது. நீயும் அதைப் பிடித்துக்கொள். பக்கத்தில் அட்டையில் எழுதி வைத்தால்தான் நொய்யல் என்று தெரியும் என்றால், வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து சொல்கிறேன். டீ-ஷர்ட்டுக்குத் துணியை அடுக்கடுக்காக விரித்து லே போட்டு வெட்டும்போது கழுத்திலும் கைக்குழியிலும்தான் துணி அதிகம் விழும். மார்க்கரில், அதாவது வெட்டுவதற்கு வரைகிற படத்தில், பாகங்களை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் வளைவுக்கு ஒரு பிறை மிச்சமாகும். உன் மூட்டையில் பாதிக்கு மேல் அந்தப் பிறைகள்தான். அவற்றைச் சதுரமாக்கி ஒட்டுப்போடாதே, அதிலேயே பாதித் துணி போய்விடும். பிறையைப் பிறையாகவே ஒன்றின்மேல் ஒன்று ஏற வைத்துத் தைத்துப் பார். தண்ணீர் நெளிகிற மாதிரி வரும். ஆறும் தெரியும், அது எந்த டேபிளில் விழுந்த துணி என்பதும் தெரியும்.

அப்புறம், வெள்ளையைக் கடுக்காயிலும் மஞ்சளிலும் சாயம் போடப் போவதாகச் சொன்னாயே, அது வேண்டாம் என்று எனக்குப் படுகிறது. சாயம் பிடிக்கப் போடுகிற படிகாரத் தண்ணீரையும் எங்காவது ஊற்றத்தானே வேண்டும்? கலர் மூட்டையில் இருப்பதெல்லாம் ஏற்கெனவே சாயம் ஏறியவை. ஒரு காலத்தில் சாயக்கழிவோடு நொய்யல் ஓடிய நிறம் எல்லாம் அதிலேயே கிடைக்கும். ஆறு பிறக்கிற வெள்ளிங்கிரி மலைப் பக்கத்துக்கு வெள்ளை, நம்ம திருப்பூருக்குக் கலர் என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஒரத்துப்பாளையத்தை விட்டுவிடாதே. பாசனத்துக்கென்று 1992இல் திறந்த அணை அது. சாயத் தண்ணீர் தேங்கி, அதைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே சொல்லும்படி ஆனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நீ சின்னப் பிள்ளை. அப்போது வேலை போய் மூட்டை முடிச்சோடு சொந்த ஊருக்குப் பஸ் ஏறியவர்களை நான் பார்த்தேன். கிணறு உப்பாகித் தென்னையைப் பறிகொடுத்தவர்களையும் தெரியும். ஒருவரை நல்லவராகவும் மற்றவரைக் கெட்டவராகவும் காட்டிவிடாதே சாமி. இரண்டு பேர் பட்ட பாடும் அந்தத் துணியில் இருக்கணும்.

பேட்டர்னை முழு அளவில் பேப்பரில் வரைந்து கூரியரில் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை டேபிள் காலியாக இருக்கும். பிறைகளை அதன்மேல் அடுக்கிப் பார்த்து எத்தனை கிலோ வேண்டும் என்று சொல்கிறேன். ஓவர்லாக் போட்டால் சேர்ப்பு தடித்து, தொங்கல் கெட்டுவிடும். உங்கள் காலேஜில் சேர்ப்பைத் தட்டையாகத் தைக்கிற ஃபிளாட்லாக் மெஷின் இருக்கிறதா? இல்லையென்றால் லீவுக்கு வரும்போது துணியை எடுத்து வந்துவிடு, இங்கேயே தைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா