அம்மாவை எழுப்பி நடக்க வை, மல்லிகா

காசிமேடு,
பிப்ரவரி 12

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அம்மாவுக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று படித்ததும் கை கூப்பினேன். அடுத்த வரியில் மனசு கலங்கிவிட்டது. "எழுந்து நிற்கச் சொன்னாலே அழுகிறாங்க, எனக்கு மனசு கேட்கல, பாவம் படுத்திருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்று எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் உடனே பேனா எடுத்தேன். போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், நானும் அழுதுவிடுவேன்.

எங்கள் வீட்டு விஷயத்தை உனக்குத் துண்டு துண்டாகத்தான் சொல்லியிருக்கிறேன். முழுசாகக் கேள்.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதி முடிந்து, போட்டெல்லாம் கடலுக்குப் போன இரண்டாவது வாரம். வலை ஏற்றும்போது விஞ்சு ரோப்பில், அதுதான் வலையை இழுக்கிற மெஷின் கயிறு, என் வீட்டுக்காரர் வலது கை மாட்டிக்கொண்டது. கட்டைவிரல் துண்டாகிவிட்டது. ஆள்காட்டி விரலை மடக்கும் தசைநாண், நம் ஆட்கள் நரம்பு என்பார்களே, அதுவும் அறுந்துவிட்டது. கரைக்கு வர ஐந்து மணி நேரம்.

கூட வேலை செய்த பையன் பதற்றத்தில் விரலை எடுத்து அப்படியே ஐஸ் பெட்டிக்குள் போடப் போனானாம். போட்டில் இருந்த பெரியவர் ஒருவர் தடுத்திருக்கிறார். சுத்தமான துணியை ஈரமாக்கிச் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, அந்தக் கவரைத்தான் ஐஸில் வைத்தார். ஐஸ் நேராகப் பட்டால் சதை கருகி, ஒட்டவைக்க முடியாமல் போய்விடும். டாக்டர் கவரைப் பிரித்துப் பார்த்ததும் முதலில் கேட்டது, "இதைக் கட்டிக் கொடுத்தது யாரு?" என்றுதான். விரலில் பெரிய தசை இல்லை, குளிர்ச்சியிலும் இருந்தது, அதனால் அத்தனை நேரம் தாங்கியது. முழங்கைக்குப் பக்கத்தில் அறுந்திருந்தால் ஆறு மணி நேரமே அதிகம் என்றார்கள். அந்தப் பெரியவர் வீட்டுக்குப் பொங்கலுக்குத் துணி எடுத்துக் கொடுத்தோம். வேறென்ன செய்ய முடியும் சொல்லு?

கரையேறியதும் முதலில் தூக்கிப்போன ஓர் இடத்தில், "விரலை விட்டுடுங்க, தைச்சு மூடிடலாம்" என்றார்கள். என் தம்பிதான் ஒரே பிடியாக நின்று ஸ்டான்லிக்குக் கொண்டுபோனான். நம் பாட்டிகள் கடைசி வரை கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதானே சொல்வார்கள், அதே ஸ்டான்லி. டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971-இல் கைக்கென்றே அங்கே தொடங்கிய தனிப் பிரிவு இருப்பது, இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியாது. இறந்துபோனவர் ஒருவரின் இரண்டு கைகளையும் எடுத்து இன்னொருவருக்கு 2018-இல் வைத்ததும் அங்கேதான்.

விடியும் வரை ஆபரேஷன். முடியைவிட மெல்லிய நூலால் ரத்தக்குழாயை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைத்தார்களாம். அதன் பிறகு சில நாட்கள் எனக்கு அந்த ஒரு நகம்தான் உலகம். மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து நகத்தை அழுத்திவிட்டுப் பார்ப்பார். வெளுத்து உடனே சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. வெளுத்தே இருந்தால் ரத்தம் உள்ளே வரவில்லை, நீலம் பாரித்தால் வெளியே போகவில்லை. காபி, டீ கிடையாது. பீடி வாசனையோடு பார்க்க வந்தவர்களைக்கூட உள்ளே விடவில்லை, புகை ரத்தக்குழாயைச் சுருக்கிவிடுமாம்.

விரல் பிழைத்துக்கொண்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன் மல்லிகா. அப்புறம்தான் வேலையே ஆரம்பித்தது.

தைத்த தசைநாண் அசையாமல் கிடந்தால் பக்கத்துச் சதையோடு ஒட்டிக்கொள்ளும். வேகமாக இழுத்தால் அறுந்துவிடும். அதனால் மணிக்கு இத்தனை தரம், இவ்வளவு தூரம் என்று கணக்கு. அதற்கு ஒரு ஸ்பிளின்ட், கையைத் தாங்கிப் பிடிக்கிற பட்டை, நகத்தில் ரப்பர் பேண்டு கோத்து இழுக்கிற மாதிரி. ஆறாவது வாரம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கும்போது கண்ணீர் விட்டார். புயலில் மாட்டியபோதுகூட அழாத மனுஷர். என்னால் பார்க்க முடியவில்லை. "இன்னைக்கு விட்டுடலாம்" என்றேன். அந்த இன்னைக்கு எட்டு நாள் ஆகிவிட்டது.

திரும்பிப் போனபோது தெரபி அம்மா விரலைத் தொட்டுப் பார்த்தார்கள். கட்டை மாதிரி நின்றது. என்னைத் திட்டவில்லை, "நீங்க பாவம் பார்த்தது விரலுக்குத் தெரியாதும்மா" என்று மட்டும் சொன்னார்கள். எட்டு நாளில் போனதை மீட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, மெழுகு ஒத்தடமும் அழுகையுமாக. அந்த விரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது. அதற்கு நான்தான் காரணம். இதை உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அந்தத் தெரபி ஹாலில் எத்தனை பேரைப் பார்த்தேன் தெரியுமா? பிரஸ் மெஷினில் நாலு விரலும் நசுங்கிய வியாசர்பாடிப் பையன் துணி கிளிப்பைக் கயிற்றில் மாட்டி மாட்டி எடுப்பான். இவருக்கு வலை ஊசியும் நைலான் நரம்பும் கொண்டுவரச் சொன்னார்கள். சுத்தியிருந்த எல்லாரும் வேடிக்கை பார்க்க, ஒரு மணி நேரத்தில் மூணு கண்ணி பின்னினார். உங்கப்பா பின்னுகிற வேகத்துக்கு அது ஒரு நிமிஷ வேலை. ஆனால் அன்றைக்கு அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

கட்டைவிரலில் உணர்ச்சி மட்டும் வரவில்லை. உணர்ச்சியைக் கொண்டுபோகிற நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், பொறுங்கள் என்றார்கள். சூடான பாத்திரத்தை இடது கையால்தான் தொட வேண்டும், வலது கை வெந்தாலும் தெரியாது. கார்த்திகை அன்று வாசலில் அகலை நகர்த்தி வைத்தவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். நான் பதறி ஓடினேன். "சுடுதுடி" என்றார். மறுபடியும் தொட்டுப் பார்த்து, "ஆமாம், சுடுது" என்றார். இரண்டு பேரும் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

சரி, அம்மா விஷயம். படுத்தே இருந்தால் முதுகில் புண் வரும், சளி நெஞ்சில் கட்டும், காலில் ரத்தம் உறையும். இடுப்பு உடைந்த வயசானவர்களுக்கு அந்த எலும்பைவிட இவைதான் ஆபத்து. உங்கள் டாக்டர் ஊன்றி நடக்கலாம் என்று சொல்லித்தானே அனுப்பினார்? அப்படியானால் நாளைக்கே வாக்கரைப் பிடித்து நிற்க வை. வலி மாத்திரை கொடுத்து அரை மணி நேரம் கழித்து எழுப்பு, அழுகை பாதி குறையும். வாக்கர் காலில் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறதா பார், பாத்ரூமில் சாக்கு விரிக்காதே, வழுக்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வருவார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடு. அம்மா உன்னைத் திட்டுவார்கள். திட்டட்டும்டி.

நம் ஸ்கூல் சாந்திக்கு டிபி வந்ததே, ஆறு மாத மாத்திரையை ஒரு நாள் விடாமல் முடித்துவிட்டாள். கன்னம் பழையபடி உப்பிவிட்டது, உன்னைக் கேட்டாள்.

அவர் ஜனவரியிலிருந்து கரையில் வலை வேலைக்குப் போகிறார். ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்கியதும் நாங்கள் இரண்டு பேரும் தூத்துக்குடிக்கு வருகிறோம், நாலு நாள் இருப்போம். அதுவரை அம்மா தினமும் எத்தனை அடி நடந்தார்கள் என்று ராத்திரி எனக்கு மெசேஜ் போடு. ரெண்டே அடி என்றாலும் போடு.

உன்
விஜயா