வாசகர் வட்டம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பதினொரு மாதக் கூட்டங்கள் நடந்தன. டிசம்பர் கூட்டம் மழையால் நடைபெறவில்லை. பாரதி நினைவு நாள் வழக்கம்போல் நடந்தது. நூல்களுக்கு ஓர் அலமாரி வாங்கியிருக்கிறோம்.

ஆண்டின் முக்கியப் பணியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும். "ஏன் ஆண்டு முழுவதும் முஸ்லிம் எழுத்தாளர்களையே படிக்க வேண்டும்?" என்று, கூட்டத்துக்கு வராத சிலர் வெளியே கேட்டதாக அறிகிறேன். இங்கே கேட்டிருந்தால் அன்றே பதில் சொல்லியிருப்பேன். 'சாய்வு நாற்காலி' நாவலுக்காக 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தோப்பில் முஹம்மது மீரான், இதே நெல்லையில் மிளகாய் வியாபாரம் செய்துகொண்டு வாழ்ந்து 2019இல் மறைந்தார். நம் மேடைக்கு அவரை நாம் ஒருமுறைகூட அழைக்கவில்லை. ஆற்றைத் தாண்டினால் முஸ்லிம்கள் மிகுந்து வாழும் மேலப்பாளையம். சங்கமாக அங்கேயும் நாம் போனதில்லை. இந்தக் குறைதான் என்னை இந்தத் திட்டத்தில் இறக்கியது.

அந்த நாவலையும் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யையும் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தையும் படித்தோம். உமறுப் புலவர் அரபு நாட்டைப் பாடும்போது மழையும் ஆறும் வயலும் நம் ஊரைப் போலவே வருவதைக் கண்டு பலர் வியந்தார்கள். ஆனால் வாப்பா (அப்பா), உம்மா (அம்மா), காக்கா (அண்ணன்), ராத்தா (அக்கா) என்ற சொற்களைப் புத்தகத்தில் படிப்பது வேறு, அவற்றைச் சொல்லி அழைக்கிற வீட்டில் ஒரு பகல் இருப்பது வேறு.

ஆகவே ஜனவரியில் திருச்செந்தூர் ரயிலில் காயல்பட்டினம் போனோம். பெயர் கொடுத்தவர்கள் இருபத்து நான்கு பேர். நிலையத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். இருபத்து நான்கு பேருக்குச் சமைத்து வைத்திருந்த வீட்டில் ஒன்பது பேராகப் போய் நின்றோம். அந்த வீட்டார் ஒரு சொல் சொல்லவில்லை. வட்டிலப்பம் என்ற இனிப்பு உட்பட மிஞ்சியதையெல்லாம் அண்டை வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆண்கள் திண்ணையில் பேசிக்கொண்டிருக்க, பெண்கள் நாங்கள் உள்ளே போனோம். அந்த ஊரில் திருமணத்துக்குப் பிறகும் மகள் தாய்வீட்டில்தான் இருக்கிறாள், மருமகன்தான் வருகிறார். வீடும் பெண்ணுக்கே போகிறது. நாங்கள் இதையெல்லாம் விசாரிக்க, வீட்டு மூதாட்டி எங்களைத் திருப்பிக் கேட்டார்: "அப்போ நீங்க எல்லாரும் உம்மாவை விட்டுட்டா போனீங்க?" எங்கள் ஐவரில் எவருக்கும் பதில் வரவில்லை. பிறகு அவர் பழைய நூல் ஒன்றை எடுத்து வந்து வாசித்தார். எழுத்து அரபு, கேட்டதோ தமிழ். அரபுத் தமிழைப் பற்றிக் கட்டுரைகளில் படித்திருக்கிறேன். ஒருவர் வாயால் கேட்டது அன்றுதான். நம் தமிழெழுத்து அவருக்குப் படிக்க வராது என்பதைப் பின்னர் அறிந்தேன்.

மார்ச்சில் மேலப்பாளையத்தில் நோன்பு திறக்கும் வேளையில் நமக்கும் கஞ்சி தந்தார்கள். அதற்கு வந்தவர்கள் ஆறு பேர்.

வரவு செலவு ஏறக்குறையச் சமமாக இருக்கிறது. விவரங்கள் பொருளாளரிடம் உள்ளன. அறுபத்து நான்கு உறுப்பினர்களில் இருபத்தேழு பேரின் சந்தா வரவில்லை. பயணத்தில் வராதவர்களின் டிக்கெட் பணத்தை நானே ஈடுகட்டினேன். அதைக் கணக்கில் காட்டவில்லை.

கூடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், தலைவர், பொருளாளர், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் கீழக்கரைக்கும் நாகூருக்கும் போக விரும்புகிறேன். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். இந்தப் பயணங்களை மட்டும் அவர் கைவிடக் கூடாது. காயல்பட்டினத்து மூதாட்டி மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார். எத்தனை பேர் என்று முன்பே சொல்லிவிடுமாறு கேட்டிருக்கிறார். பெயர் எழுதும் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பயணப் பணத்தையும் பாக்கிச் சந்தாவையும் அங்கேயே செலுத்தலாம்.

செயலாளர்