பி.டி. பீரியடை மீட்டுக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள தெருக்காரர்களுக்கும் பெற்றோருக்கும், சனிக்கிழமை தவறாமல் வந்துபோன வியாசர்பாடித் தம்பிகளுக்கும்,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை விளையாட்டு விழாவில் நன்றி சொல்ல நான் எழுந்த நேரம் பார்த்து மைக் இரண்டு முறை கரகரத்துவிட்டு நின்றுபோனது. தொண்டை கிழியக் கத்தி நான்கு பேரைச் சொன்னேன். மிச்சப் பேரெல்லாம் கடற்காற்றோடு போய்விட்டது. அதனால்தான் இந்த மடல். பேர் போடாதீங்க டீச்சர் என்று பல பேர் கேட்டுக்கொண்டதால் ஆளை அடையாளம் மட்டும் சொல்லி எழுதுகிறேன். யார் யாரென்று உங்களுக்கே தெரியும்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் தொடக்கப் பள்ளியில் நான் நான்காம் வகுப்பு ஆசிரியை. கால அட்டவணையில் செவ்வாயும் வெள்ளியும் கடைசிப் பீரியடுக்கு நேராக ‘விளையாட்டு’ என்று எழுதி சுவரில் ஒட்டியிருக்கும். ஆறு வருஷமாக அதில் பாதிக்கு மேல் நான் கணக்குதான் நடத்தினேன். பிள்ளைகளுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் பிடிபடவில்லை என்று பி.டி. பீரியடைக் கடன் வாங்குவேன். அந்தக் கடனைத் திருப்பிக் கொடுத்ததே இல்லை.

சாக்கு சொல்ல எனக்கும் ஒன்று உண்டு. தொடக்கப் பள்ளியில் பி.டி. ஆசிரியருக்கென்று தனிப் பணியிடம் கிடையாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம்கூட உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் கேட்பது ஆறாம் வகுப்பிலிருந்துதான், அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். அதே சட்டம் எல்லாப் பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும், ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுச் சாமான் வேண்டும் என்கிறது. சாமான் வரும், ஆள் வராது. தமிழும் கணக்கும் நடத்துகிற அதே டீச்சர்தான் விசிலும் ஊத வேண்டும். எனக்கு விசில் ஊதத் தெரியும். ஊதிய அப்புறம் என்ன செய்வதென்றுதான் தெரியாது.

போன ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை, மனசாட்சி உறுத்தி, வகுப்பை வெளியே விட்டேன். 34 பிள்ளைகள், ஒரு பந்து. திண்ணையில் உட்கார்ந்து என் வகுப்பிலேயே குள்ளமான பெண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் அவள் கால் பந்தின் மேல் பட்டது ஒரே ஒரு தடவை, அதுவும் பந்து தானாக உருண்டு வந்தபோது. மற்ற நேரமெல்லாம் கூட்டத்துக்குப் பின்னால் சும்மா ஓடினாள், அப்புறம் ஓடவும் இல்லை, சுவரில் சாய்ந்து நகத்தைக் கடித்தாள். 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற மாதிரி உடல் உழைப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எங்கள் அட்டவணையில் வாரத்துக்கே 80 நிமிடம். அதில் நான் தின்றது போக மிச்சம், இந்த நகம் கடிக்கிற நேரம்.

இதை அன்று சாயங்காலம் இஸ்திரி வண்டிக்கார அண்ணனிடம் புலம்பினேன். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. துணியை மடித்துக்கொண்டே, “வியாசர்பாடில என் மச்சான் பையன் இருக்கான் டீச்சர், ஃபுட்பால் ஆடுவான், வரச் சொல்றேன்” என்றார். வியாசர்பாடி கால்பந்துக்குப் பேர்போன இடம் என்று வடசென்னையில் இருந்துகொண்டு நான் விளக்கினால் சிரிப்பீர்கள். ஒருவனைக் கேட்டேன், அடுத்த சனிக்கிழமை மூன்று பேர் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

தம்பிகளே, நீங்கள் வந்ததும் செய்த முதல் காரியம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நான் பெருமையாக எடுத்து நீட்டிய அந்த ஒரே பந்தை ஓரமாக வைத்தீர்கள். பழைய செய்தித்தாளைக் கசக்கி, துணி சுற்றி, சைக்கிள் டியூப்பை மோதிரம் மோதிரமாக வெட்டி மாட்டி, பதினேழு பந்து செய்தீர்கள். இரண்டு பேருக்கு ஒன்று. தோற்றவன் வெளியே போகிற ஆட்டம் இந்த வயசுக்கு வேண்டாம் டீச்சர், வெளியே போகிறவன்தான் ஆடிப் பழக வேண்டியவன் என்று உங்களில் மூத்தவன் சொன்னான். இத்தனை வருஷம் மியூசிகல் சேரில் முதலில் வெளியே வந்து நிற்கிற பிள்ளையை நான் கவனித்ததே இல்லை. எறிவது, பிடிப்பது, ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து இறங்கும்போது முட்டியை மடக்குவது என்று மூன்று மாதம் இவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தீர்கள். நானும் கூடவே கற்றுக்கொண்டேன். நொண்டியையும் கிளித்தட்டையும் வைத்தே ஒரு வாரப் பாடத்தை ஓட்டிவிடலாம் என்பது இப்போது எனக்குத் தெரியும். பஸ் காசுகூட நீங்கள் வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டும். அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

கோல் கம்பம் வந்த கதை வேறு. பிளம்பர் அண்ணன் வேலை போக மிஞ்சிய பிவிசி குழாயில் நான்கு சின்னக் கம்பங்கள் பொருத்திக் கொடுத்தார். முதல் நாளே காற்றில் ஒன்று சாய்ந்து இரண்டாம் வகுப்புப் பையன் தோளில் விழுந்தது. அடி இல்லை, எனக்குத்தான் உயிர் போய் வந்தது. மறுநாள் அவரே வந்து, அடிக்குழாய் முழுக்க மணல் நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்து, ஆளைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

வலை கொடுத்தது காசிமேட்டு மீனவ அண்ணன்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, வலை செப்பனிடுகிற காலம். அப்போது கழித்துப்போட்ட வலையில் ஒரு கட்டைக் கேட்டு வாங்கி வந்தார் ஒரு பிள்ளையின் தாத்தா. நான்கு நாள் வெயிலில் காய்ந்தும் மீன் வாடை போகவில்லை. பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, வீட்டு வாடைதானே. தாத்தா கம்பத்துக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வலை ஊசியில் நரம்பைச் சுற்றிக்கொண்டு, கண் எண்ணி எண்ணி அளவு குறைத்துப் பின்னினார். ஒரு பையன், “தாத்தா, பந்துக்கு ஏன் இவ்ளோ சின்னக் கண்ணு?” என்று கேட்டான். “உங்க துணிப் பந்து நெத்திலி மாதிரிடா, நழுவிடும்” என்றார். அன்றிலிருந்து எங்கள் பள்ளியில் துணிப் பந்துக்கு நெத்திலி என்று பெயர்.

இனி மீன்காரக்கா. உங்களைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். காலையில் கூடையோடு பள்ளி வாசலில் பேத்தியை விட்டுவிட்டுப் போகிறவர், ஒருநாள் நான் கோ-கோ என்ற பேரில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்திருந்ததைக் கம்பி வழியே பார்த்துவிட்டுக் கூடையை இறக்கி உள்ளே வந்தார். ஸ்கூல் டீமில் ஆடியவராம், எட்டாவதோடு படிப்பு நின்றதாம். “டீச்சர், எல்லாம் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்தா அது ரேஷன் கியூ” என்றார். எட்டுப் பேரை ஒருவர் கிழக்கே, அடுத்தவர் மேற்கே என்று மாற்றி மாற்றித் திருப்பினார். “குந்தாதடா, பாயற மாதிரி உக்காரு. விரல்ல நில்லு. கை முன்னாடி.” சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே ஒரு கட்டத்தில் உட்கார்ந்து, பேத்தி முதுகில் தட்டியதும் எழுந்து ஓடினார் பாருங்கள், நாற்பது பிள்ளைகளும் வாயைப் பிளந்தார்கள். நானும்தான். 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையில் நம் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் ஜெயித்தபோது, மறுநாள் காலை எனக்கு முன்பே பள்ளி வாசலில் நின்றவர் அவர்தான். கையில் போனில் அந்த வீடியோ, சிக்னல் கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றை இங்கே எழுதாமல் விட முடியாது. ஐந்தாம் வகுப்பில் காது கேட்காத பையன் ஒருவன் இருக்கிறான். விளையாட்டு என்றால் ஸ்கோர் எழுதுகிற வேலைதான் எப்போதும் அவனுக்குக் கொடுப்பேன், பரிவு என்று நினைத்துக்கொண்டு. அக்கா என்னைத் திட்டவே செய்தார். கோ-கோவில் துரத்துகிறவர் பின்னாலிருந்து முதுகைத் தொட்டு ‘கோ’ என்று சொல்ல வேண்டும். தொடுகை இருக்கிறதே, அவனுக்கு எதற்குக் காது? முதுகில் கை பட்டதும் அவன் எழுகிற வேகம் மற்றவர்களைவிட ஒரு நொடி முந்தி. மற்றவர்கள் சத்தத்துக்காகக் காத்திருப்பார்கள், இவன் தோலிலேயே கேட்டுக்கொண்டிருப்பான். அவன் ‘கோ’ கொடுக்க வேண்டிய முறை வரும்போது தொண்டையிலிருந்து அவனுக்கே உரிய ஒரு சத்தம் வரும். அதையும் ‘கோ’ என்று ஏற்றுக்கொள்வதாகப் பிள்ளைகளே கூடிப் பேசி முடிவு செய்தார்கள். என்னைக் கேட்கவில்லை. ஸ்கோர் நோட்டு இப்போது என் கையில்.

தையல்கார அக்காவுக்கு ஒரு பெரிய கும்பிடு. பெண் பிள்ளைகள் ஏன் ஓரமாகவே நிற்கிறார்கள் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, “பாவாடையில உக்காரவே கூச்சப்படுதுங்க, எப்படி டீச்சர் ஓடும்?” என்று ஒரே வரியில் சொன்னது நீங்கள்தான். மிச்சத் துணியில் 43 உள் ஷார்ட்ஸ் தைத்து, எலாஸ்டிக்குக்கு மட்டும் காசு வாங்கினீர்கள். அடுத்த வாரமே பச்சைக்குதிரைக்கு வரிசை கட்டியதில் பாதிக்கு மேல் பெண்கள்.

மழைக்காலத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தோம். அக்டோபரில் ஒரு முறை, நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் ஒரு முறை, திடலில் முழங்கால் தண்ணீர். தெருமுனை கேரம் மன்றத்து அண்ணன்கள் இரண்டு போர்டையும் ஒரு டப்பா பவுடரையும் தூக்கிக்கொண்டு வகுப்பறைக்கே வந்தார்கள். அந்த நவம்பரில்தான் நம்ம ஏரியாப் பெண் காசிமா அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியிருந்தார். கேரம் என்றால் ஆம்பிளைப் பிள்ளைகள் கூட்டம் என்று முறைக்கிற அம்மாக்கள்கூட அந்த வாரம் ஒன்றும் சொல்லவில்லை. போர்டைத் திருப்பிக் கேட்க மூன்று முறை வந்தீர்கள், பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துவிட்டு மூன்று முறையும் சும்மாவே திரும்பிப் போனீர்கள். போர்டு இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது.

மாவு மில்காரருக்கு, சாக்கு ஓட்டத்துக்குக் கொடுத்த சாக்குகளுக்காக. பெரியமேட்டில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் முன்னாள் மாணவருக்கு, வாங்கின விலைக்கே கொடுத்த ஸ்கிப்பிங் கயிறுகளுக்காக. திடலுக்கு வெளியே வண்டி நிறுத்துவதை நாலு மணிக்கு மேல் விட்டுக்கொடுத்த தெருக்காரர்களுக்கு. சாயங்காலம் சுண்டல் வேகவைத்துக் கொடுத்த அம்மாக்களுக்கு. காலை உணவுத் திட்டத்தில் தினமும் உப்புமாவும் பொங்கலும் கிண்டுகிற அக்காக்களுக்கும். அசெம்பிளியில் பசி மயக்கத்தில் பிள்ளை உட்கார்ந்துபோவதை நான் பார்த்து வெகுநாள் ஆகிறது. வெறும் வயிற்றில் எந்தப் பிள்ளை ஓடும், சொல்லுங்கள்.

எல்லாம் இனிப்பாகவே நடந்தது என்று எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு நிறுவனம், எங்கள் பிள்ளைகளுக்கு உதவுவதாகச் சொல்லி, தங்கள் சின்னம் போட்ட இருபது ஜெர்சியைக் கொண்டு வந்து, போட்டோ எடுத்து, பேனரையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. எல்லாம் பெரிய பையன்கள் அளவு. இப்போது அவை சாக்கு ஓட்டத்தில் இரண்டாம் அணிக்கு அடையாளமாகப் பயன்படுகின்றன, முட்டிக்குக் கீழே தொங்கும்.

எங்கள் தலைமையாசிரியர் அம்மாவுக்கு. கணக்கில் மதிப்பெண் குறைந்தால் யார் பதில் சொல்வது என்று முதலில் கேட்டவர் அவர். சரியான கேள்விதான். மூன்று மாதம் பார்க்கலாம் என்று விட்டார், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஜனவரியில் ஒரு செவ்வாய், கடன் வாங்கிக் கழித்தல் மறுபடி ஒரு பிள்ளைக்கு வரவில்லை என்று கடைசிப் பீரியடில் நான் சாக்பீஸை எடுத்தபோது, ஜன்னலுக்கு வெளியே நின்று, “டீச்சர், மணி அடிச்சாச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு வெளியே போனேன். கழித்தலை மறுநாள் முதல் பீரியடில் நடத்தினேன்.

விழா அன்று தொடர் ஓட்டத்தில் நான்காம் வகுப்பு கடைசியாக வந்தது. நகம் கடித்துக்கொண்டு நின்ற அந்தக் குள்ளப் பெண்தான் கடைசிச் சுற்று. கட்டை கை மாறும்போது கீழே விழுந்துவிட்டது. திரும்பி ஓடிவந்து, எடுத்து, மற்ற மூன்று வகுப்பும் முடித்துவிட்டு நின்று பார்க்க, முழுச் சுற்றையும் ஓடி முடித்தாள். அப்போது சுவரோரம் விசில் அடித்தது யாரென்று எனக்குத் தெரியவில்லை. யாராக இருந்தாலும், உங்களுக்கும் நன்றி.

சாமான் அறைச் சாவி வழக்கம்போல இஸ்திரி வண்டியில் இருக்கும். தாத்தா, வடக்குப் பக்கக் கோல் வலையில் இடது மூலையில் மறுபடி ஓட்டை விழுந்திருக்கிறது, நெத்திலி நழுவுகிறது. ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கூட்டிக்கொண்டு வரும்போது ஊசியையும் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு டீச்சர்