சயனைடு உப்பை விடுங்கள், சிரட்டைக்கரிக்கு வாருங்கள்

குமரி மாவட்டப் பட்டறை உரிமையாளர்களுக்கும் மாவட்டத் தொழில் மைய அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பின், புஷ், சிறு கியர் எனக் கார்பன் குறைந்த மைல்டு ஸ்டீல் உருப்படிகளின் மேல்தோலைக் கெட்டிப்படுத்தச் சயனைடு உப்புத் தொட்டியை இனியும் நம்ப வேண்டாம். அந்த உப்பில் ஆசிட் பட்டால் உயிர்குடிக்கும் வாயு கிளம்பும். கழுவிய நீரை ஓடையில் விட்டால் பழையாறு வழியே மணக்குடிக் காயல் வரை போகும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான சயனைடே மீனைக் கொன்றுவிடும்.

நம் ஊரில் தேங்காய்ச் சிரட்டைக்கரிக்குப் பஞ்சமில்லை. கடையில் விற்கும் கார்பரைசிங் தூளில் (இரும்பின் மேல்தோலில் கார்பன் ஏற்றும் தூள்) பேரியம் கார்பனேட் கலந்திருப்பதுண்டு, அதுவும் நஞ்சுதான். நீங்களே கலந்துகொள்ளுங்கள்: 3 முதல் 6 மி.மீ. அளவில் உடைத்த கரி 85 பங்கு, சோடியம் கார்பனேட் (சோடா) 10, சுண்ணாம்புக்கல் தூள் 5, எல்லாம் எடைக்கணக்கில். சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கரியில் பிசறி, நன்றாக உலர்த்த வேண்டும். ஈரம் மிஞ்சினால் தோல் திட்டுத்திட்டாக மென்மையாகவே நிற்கும்.

இந்தக் கலவைக்குள் உருப்படிகளைப் புதைத்துப் பெட்டியில் மூடி அடுப்பில் சூடாக்கினால், கரியின் கார்பன் மேல்தோலில் ஏறும். அடுக்கும்போது உருப்படிகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. பெட்டிச் சுவரிலிருந்தும் 25 மி.மீ. தள்ளி வையுங்கள். மூடியைக் களிமண்ணால் பூசுங்கள். பூச்சு வெடித்தால் கரி சாம்பலாகும், இரும்பில் செதில் பிடிக்கும். 900 முதல் 930 டிகிரி செல்சியஸில், மணிக்குச் சுமார் 0.1 மி.மீ. ஆழம் கிடைக்கும். ஆனால் அடுப்பு மீட்டர் காட்டுவது அடுப்பின் சூட்டை. பெட்டியின் நடுப்பகுதி அந்தச் சூட்டை எட்டிய பிறகே நேரத்தைக் கணக்கிடுங்கள். பெரும்பாலும் ஆழம் குறைவது இதனால்தான். கார்பன் மோனாக்சைடு கசியும் என்பதால் அடைத்த அறை ஆகாது.

பெட்டியைத் திறந்த சூட்டோடு தோய்ச்சல் போட்டால் (சட்டென்று குளிரவைத்தால்) உள்மணி, அதாவது இரும்பின் நுண்படிகம், பருத்த நிலையிலேயே இரும்பு கெட்டியாகி, கியர் பல் உடையும். பெட்டியிலேயே ஆறவிட்டு, மறுபடி 780 முதல் 800 டிகிரிக்கு ஏற்றித் தண்ணீரில் தோயுங்கள். உடனே 180 டிகிரியில் ஒரு மணி நேரம் டெம்பர் செய்யுங்கள், அதாவது நொறுங்கும் தன்மை குறைய மிதமாகச் சூடேற்றுங்கள். மேல்தோலின் கடினம், ராக்வெல் சி என்ற கடின அளவுகோலில் 58க்குக் குறையாது.

தொழில் மையத்துக்கு ஒரு வேண்டுகோள். ஈ.என்.8 ரக எஃகு போல 0.4 சதவீதம் கார்பன் தன்னிலேயே உள்ள ஷாஃப்டுக்குக் கரியே தேவையில்லை. இன்டக்‌ஷன் எனப்படும் மின்காந்தச் சூடேற்றும் முறை சில விநாடிகளில் 1 முதல் 3 மி.மீ. ஆழம் வரை கெட்டியாக்கும். சிறு பட்டறையால் தனியாக வாங்க முடியாத இயந்திரம் அது. பொதுவில் ஒன்றும், கூடவே ஒரு ராக்வெல் சோதனைக் கருவியும் வேண்டும். மிஞ்சிய சயனைடு உப்பை யாரும் குழிதோண்டிப் புதைக்கும் முன், அனுமதி பெற்ற கழிவு மையத்துக்குக் கொண்டுசெல்லவும் ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
நாகர்கோவில் வட்டார ஹீட் ட்ரீட்மென்ட் பணியாளர்கள்